பேச வைக்கிற ஊசி

பெரம்பலூரில் நான் நர்ஸாக வேலை பார்த்த நர்சிங் ஹோமில் மொத்தம் பன்னிரண்டு கட்டில்கள். டாக்டர் ஒருவர், நர்ஸ்கள் மூன்று பேர், பெருக்கித் துடைக்க ஒரு ஆயாம்மா. எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பத்திரண்டோ முப்பத்து மூன்றோ வயது. வீட்டுக்காரருக்கு மின்சார வாரியத்தில் வேலை. இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் அறுவை சிகிச்சை படித்தவர். பல வருடம் அரியலூர்ப் பக்கம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து சொந்தமாக ஆரம்பித்திருந்தார். மயக்கம் கொடுப்பதற்கென்று தனியாக ஒரு டாக்டர் வேண்டுமானால் திருச்சியிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். சொல்லியனுப்பி, அவர் பஸ் ஏறி வந்து சேர்வதற்குள் அரை நாள் போய்விடும். அதனால் வயிற்றைத் திறக்கிற ஆபரேஷன்களையெல்லாம் திருச்சிக்கே அனுப்பிவிடுவார். நழுவிய தோளைச் சேர்ப்பது, கட்டியைக் கீறுவது, தீக்காயத்தைக் கழுவுவது என்று சின்ன வேலைகள்தான் எங்களிடம் நடக்கும். அவற்றுக்கு அவரே மயக்கம் கொடுத்துக்கொள்வார். பக்கத்தில் நான் நிற்பேன்.

நான் படித்த காலத்தில் மயக்கம் கொடுக்க ஈதர்தான். முகத்தில் வலைமூடி வைத்து, துணி போட்டு, சொட்டுச் சொட்டாக விடுவோம். ட்யூட்டி முடிந்து வீட்டுக்குப் போனாலும் தலைமுடியில் அந்த வாசனை இருக்கும். அதற்குப் பிறகுதான் கெட்டமின் என்கிற ஊசி மருந்து எங்கள் ஊர்ப் பக்கம் வந்தது. நரம்பில் ஏற்றிய ஒரு நிமிஷத்துக்குள் ஆள் இந்த உலகத்தில் இருக்க மாட்டார். ஆனால் கண் மூடாது. திறந்த கண்ணோடு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். கருவிழி மட்டும் மெதுவாக இப்படியும் அப்படியும் அசையும். முதல் தடவை அதைப் பார்த்தபோது, மருந்து ஏறவில்லை என்று நினைத்து டாக்டரின் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். அவர் சிரித்தார்.

"ஏறிடுச்சு சிஸ்டர். இது அப்படித்தான். ஆள் அறுந்து தனியாப் போயிடுவான், கண்ணு மட்டும் இங்க இருக்கும்."

அந்த மருந்தைப் பற்றி அவர் கண்டிப்பாகத்தான் இருந்தார். ஆறு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அதை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுக்க வேண்டும். வாயில் ஊறுகிற எச்சிலையும் சளியையும் இழுக்கிற, காலால் மிதிக்கும் பம்ப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மருந்தைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாக ஏற்ற வேண்டும், வேகமாகப் போனால் மூச்சு நின்றுவிடும். எல்லாவற்றையும் விட, ஆள் தெளிகிற நேரத்தில் சத்தம் கூடாது. அந்த மருந்தில் தெளிகிறவர்களுக்குக் கெட்ட கனவு வரும். இருப்பது தெரியாது, இல்லாதது தெரியும். அலறுவார்கள், அழுவார்கள், வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். அப்போது யாரும் தொடக்கூடாது, பேச்சுக் கொடுக்கக்கூடாது. ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கி விட்டுவிட வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில் நான் ஒருநாள் அசட்டையாக இருந்தேன். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற ஒருவர் தோள் நழுவி வந்திருந்தார். மயக்கம் கொடுத்துத் தோளைச் சேர்த்தாயிற்று. அவர் தெளிகிற நேரத்தில் நான் கதவைச் சாத்தவில்லை. அவர் மனைவி வாசலில் நின்றிருந்தார். டிரைவர் திடீரென்று ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, "கதவத் தொற, நாந்தான் வந்திருக்கேன்" என்று கத்தினார். அது மனைவியின் பெயர் இல்லை. அந்தம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது இதைச் சொல்லிச் சிரித்தேன். நான்கைந்து பேர் இருந்தார்கள். "அந்த ஊசி போட்டா உள்ளே கெடக்கறதெல்லாம் வெளிய வந்துரும் போலருக்கு" என்று நானே சொன்னேன். அவர் சொன்ன பெயர் அவருடைய அக்காவுடையதா, செத்துப்போன அம்மாவுடையதா, யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு மூன்று மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, அரியலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே கேட் கீப்பர் ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். டாக்டருக்கு அரியலூரில் இருந்த காலத்திலிருந்து பழக்கம். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். மகளுக்கு இருபது, இருபத்தொன்று. இடது முன்கையில் துணி சுற்றியிருந்தது. துணியை அவிழ்த்தபோது மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை வெந்த காயம். நான்கைந்து நாளாகியிருக்கும். சீழ் கட்டத் தொடங்கியிருந்தது.

"எப்படிம்மா ஆச்சு?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"பேச மாட்டேங்கறா சிஸ்டரம்மா" என்றார் அப்பா. "அஞ்சு நாளா ஒரு வார்த்தை இல்ல. புருஷன் வூட்லேருந்து ஒத்தையாப் பஸ் ஏறி வந்தா. வந்து நின்னவ நின்னவதான். அம்மா கேட்டாச்சு, தங்கச்சி கேட்டாச்சு. மாப்பிள்ளை வூட்ல கேட்டா, அடுப்புல அவளே கையச் சுட்டுக்கிட்டா, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கறாங்க. அதோட, உங்க பொண்ணு நடத்தையே சரியில்லன்னும் சொல்றாங்க."

அவர் மகளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரின் அறைக்குள் போனார். நான் காயத்துக்கு மருந்து எடுக்க உள்ளேதான் இருந்தேன். என்னை அவர் பொருட்படுத்தவில்லை.

"ஞாயித்துக்கெழம ரெண்டு பக்கமும் பெரியவங்க உக்காந்து பேசறாங்க டாக்டரய்யா. நான் என்னன்னு பேசறது? எம் பொண்ணு தப்பு பண்ணலன்னு சொல்லணும்னா என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரிய வேணாமா? சின்னவளை மாப்பிள்ளையோட தம்பிக்குக் குடுக்கறதா வேற பேசி முடிச்சிருக்கு. வர்ற ஆவணியில கல்யாணம்."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"உங்ககிட்ட ஒரு ஊசி இருக்காமே. போட்டா மனசுல உள்ளதைச் சொல்லிடுவாங்களாமே. எங்க கேட்ல நிக்கற லாரிக்காரங்க பேசிக்கறாங்க. உங்க சிஸ்டரே சொன்னாங்களாம்."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கையிலிருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அதெல்லாம் கதை" என்றார் டாக்டர். "மயக்க மருந்து அது. போங்க, காயத்துக்குக் கட்டுப் போட்டு அனுப்பறேன்."

அந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. கை கூப்பவும் இல்லை, காலில் விழவும் இல்லை. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நேத்து சாயந்தரம் மாட்டுக்கொட்டாயில கயித்த எடுத்து வெச்சிருந்தா. அவ அம்மா பார்த்துட்டா. இன்னிக்கு நான் ட்யூட்டிக்கு லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். நாளைக்குப் போயாகணும். எத்தன நாளைக்கு அவளக் காவல் காக்கறது? என்ன குறைன்னு தெரிஞ்சா ஏதாச்சும் செய்வேன் இல்லீங்களா?"

டாக்டர் வெளியே பெஞ்சில் இருந்த பெண்ணை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார், "காயத்தைச் சுரண்டிக் கழுவித்தான் ஆகணும். வலி தாங்க மாட்டா. எப்படியும் மயக்கம் குடுக்கணும். தெளியறப்போ நீங்க பக்கத்துல நில்லுங்க. ஏதாச்சும் சொன்னா உங்க அதிர்ஷ்டம்."

எனக்கு அது சரியாகப் படவில்லை. அதைவிடப் பெரிய காயங்களை ஒரு வலி ஊசி போட்டு, உப்புத் தண்ணீரில் ஊற வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தம் செய்திருக்கிறோம். அது அவருக்கும் தெரியும்.

டிரெஸ்ஸிங் அறைக்கு அந்தப் பெண்ணைக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"இங்க பாரும்மா. உனக்கு ஒரு ஊசி போடப்போறாங்க. நினைவு தப்பும். காயத்தைக் கழுவுவாங்க. நினைவு வர்ற நேரத்துல உங்க அப்பா பக்கத்துல நின்னு, என்ன நடந்துச்சுன்னு கேப்பாரு. அந்த நேரத்துல நீ என்ன பேசறேன்னு உனக்கே தெரியாது. உனக்குச் சம்மதமா?"

அவள் கண் பெரிதானது. நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். நான் எழுந்தபோதும் கையை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

"அந்தப் பொண்ணுக்குச் சம்மதம் இல்ல சார்."

"வாயத் தொறந்து சொன்னாளா?"

"தலையாட்டினா."

"சிஸ்டர், அவ கயிறு தேடற நிலைமையில இருக்கா. இப்பச் சம்மதம் கேட்டுக்கிட்டு இருப்பீங்களா?"

"அவளைக் காப்பாத்தறதுக்குக் கேக்கலையே சார். ஞாயித்துக்கெழம பேச்சுவார்த்தைக்குத்தானே கேக்கறாரு."

அவருக்குக் கோபம் வந்தது. நான் அவரிடம் அதற்கு முன் எதிர்த்துப் பேசியதில்லை. "ஊருக்கெல்லாம் கதை சொன்னது நீங்க. இப்ப எனக்கு நியாயம் சொல்றீங்களா? மருந்தை எடுத்து வைங்க."

"நான் எடுக்க மாட்டேன் சார்."

வேலை போனால் அடுத்த மாதம் என்ன செய்வது என்று அந்த நிமிஷமே மனசில் ஓடியது. டாக்டர் அலமாரியைத் திறந்து மருந்தைத் தானே எடுத்தார். "வேணாம்னா நீங்க வெளிய போகலாம்" என்றார்.

நான் வெளியே போகவில்லை. பாதுகாப்புக்கு வேண்டியதைச் செய்தேன். சிலிண்டரைத் திறந்து பார்த்தேன். முகத்தில் வைத்து அழுத்திக் காற்று கொடுக்கிற பையைத் தலைமாட்டில் வைத்தேன். கால் பம்பை இழுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டு ஒரு தடவை மிதித்துப் பார்த்தேன். பிறகு அப்பாவிடம் போய்க் கேட்டேன்.

"காலையில என்ன சாப்பிட்டா?"

"ஒண்ணும் இல்லீங்க."

"காப்பி, டீ?"

"வெறும் வயிறுதாம்மா. ரெண்டு நாளா எதுவும் எறங்கல அவளுக்கு."

இன்னொருவரிடம் கேட்பதற்கு ஆள் இல்லை. அவள் அம்மா வரவில்லை. அவளிடமே திரும்பிக் கேட்டேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்ட என்னை இனி எதற்குப் பார்ப்பாள்?

டாக்டர் அவசரத்தில் இருந்தார். கோபமும் இருந்தது. எப்போதும் நான் அவருக்கு எதிரே நின்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பேன். அன்றைக்கு நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஊசியின் தண்டு சட்டென்று உள்ளே போய்விட்டது. அவள் கண் திறந்தபடியே நின்றது. கருவிழி அசையத் தொடங்கியது. வழக்கமாக அந்த நேரத்தில் நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்கும். நான் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறவில்லை.

"சார், மூச்சு இல்ல."

"வரும். கொஞ்சம் பொறுங்க."

வரவில்லை. உதட்டின் ஓரம் கறுத்தது. நகம் கறுத்தது. நான் இரண்டு கையாலும் அவள் தாடையின் கோணத்தைப் பிடித்து முன்னுக்குத் தள்ளினேன். வாய் திறந்தது, காற்று நுழையவில்லை. டாக்டர் பையை எடுத்து முகத்தில் வைத்து அழுத்தினார். நெஞ்சு ஒரு தடவை ஏறியது. இன்னொரு தடவை. நாடி என் விரலுக்குக் கீழே ஓடிக்கொண்டே இருந்தது. அது ஒன்றுதான் தெம்பு. கதவோரம் நின்ற அப்பா, "என்னாச்சுங்க? என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பையை எத்தனை தடவை அழுத்தினார் என்று எனக்குத் தெரியாது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் காதில் கேட்டது.

பிறகு அவளாகவே ஒரு மூச்சு இழுத்தாள். நீளமான மூச்சு. அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. உதடு மெல்லச் சிவந்தது.

டாக்டர் தன் நெற்றியைப் புறங்கையால் துடைத்தார். என்னைப் பார்க்காமல் காயத்துக்குத் திரும்பினார். சுரண்டிக் கழுவினார், மருந்து வைத்தார். நான் கட்டுப் போட்டேன். எல்லாம் பத்து நிமிஷம்.

"சார், அவரை வெளிய போகச் சொல்லுங்க. இருட்டாக்கணும்" என்றேன்.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அப்பா கட்டில் பக்கம் வந்துவிட்டார். அவளுடைய விரல் அசைவதைப் பார்த்துவிட்டார். குனிந்து அவள் காதருகில், "பாப்பா, அப்பா வந்திருக்கேன். சொல்லு தாயி. என்ன நடந்துச்சு? யார் என்ன பண்ணாங்க?" என்றார்.

அவள் அலறினாள். ஐந்து நாளாகப் பேசாத தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கைகளை மேலே தூக்கித் துழாவினாள், ஏதோ ஒன்றைப் பிடித்து ஏறப்பார்ப்பவள் போல.

"கெணறு... கெணறு..."

"எந்தக் கெணறு? யாரும்மா?"

"அப்பாதான்... அப்பாதான் தள்ளுனாரு... மேல நின்னு பாக்கறாரு... தண்ணி வெள்ளையா இருக்கு... என்னைத் தூக்குங்க..."

அந்த மனிதர் நிமிர்ந்தார். "நானா?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. "நானா தள்ளினேன்?"

அதற்கு மேல் அவரைப் பார்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அவள் வயிறு ஒரு தடவை சுருண்டது. எனக்கு அது தெரியும். தோளையும் இடுப்பையும் பிடித்து இடது பக்கமாகப் புரட்டினேன். தலையைத் தாழ்த்தினேன். வாந்தி மெத்தையில் கொட்டியது. இட்லி. மென்றது மென்றபடி இட்லித் துண்டுகள். டாக்டர் கால் பம்பை மிதித்தார். நான் குழாயை வாய்க்குள் விட்டு இழுத்தேன். குழாய் அடைத்துக்கொண்டது. உருவி எடுத்து உதறிவிட்டு, விரலில் துணியைச் சுற்றித் தொண்டை வரை விட்டு வழித்தேன். அவள் கடித்தாள். அந்தக் கடியில் எனக்கு உயிர் வந்தது. கடிக்கிறாள், இருமுகிறாள், அப்படியானால் தொண்டை தன்னைத்தானே காத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. பத்து நிமிஷம் முன்னால், மூச்சே இல்லாமல் கிடந்தபோது இது நடந்திருந்தால்?

டாக்டர் அவள் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து இரண்டு பக்கமும் கேட்டார். மறுபடியும் கேட்டார். "வலது பக்கம் கீழ கொஞ்சம் கரகரங்குது. ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும். காய்ச்சல் வந்தா திருச்சிக்கு அனுப்பிடலாம்" என்றார். பிறகு அப்பாவிடம் திரும்பினார். "சாப்பிடலன்னு சொன்னீங்களே."

அவர் சுவரோரம் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"அரியலூர் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு இட்லி வாங்கிக் குடுத்தேன். ரெண்டு நாளா சாப்பிடாதவ வாங்கித் தின்னா. எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. இங்க சிஸ்டரம்மா கேட்டப்போ, சாப்பிட்டான்னு சொன்னா ஊசி போட மாட்டாங்களோன்னு..." டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். "பொய் சொல்லிட்டேங்க."

டாக்டர் அவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கையைக் கழுவப் போனார். குழாயடியில் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் கழுவிக்கொண்டே நின்றார்.

அவளைக் கடைசி அறையில் படுக்க வைத்து ஜன்னலைச் சாத்தினோம். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மதியம் நான் போய்ச் சொன்னேன். "அவ சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க. அந்த மருந்துல அப்படித்தான் வரும். பறக்கற மாதிரி, விழற மாதிரி, தண்ணியில முங்கற மாதிரியெல்லாம் வரும். அது நடந்தது கிடையாது. லாரி டிரைவர் கதையும் அப்படித்தான். நான்தான் தெரியாத்தனமாச் சொல்லிட்டேன்."

"சரிங்கம்மா" என்றார். நான் நகர்ந்தபோது கேட்டார், "இந்த எடம் வேணாம்னு கல்யாணத்துக்கு முன்னால ஒரு தடவை அழுதா. நான் கேக்கல. அதைச் சொல்றாளோ?"

தெரியாது என்றுதான் சொன்னேன்.

அவருக்கு ட்யூட்டி. அன்று சாயங்காலமே கிளம்பிப் போய் அவள் அம்மாவை அனுப்பிவைத்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் வேலைக்கு வந்தபோது அம்மா பல் விளக்கப் பின்பக்கம் போயிருந்தார். பெண் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் இல்லை. நெஞ்சிலும் சத்தம் குறைந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா."

குரல் கரகரத்தது. நான் கையை நிறுத்தினேன். நிமிர்ந்து பார்த்தால் மறுபடியும் மூடிக்கொள்வாளோ என்று பயந்து கட்டையே பார்த்துக்கொண்டு, "என்னம்மா?" என்றேன்.

"நேத்து நான் என்ன பேசினேன்?"

இல்லாததைச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. முந்தின நாள் நடந்ததற்குப் பிறகு அது முடியவில்லை.

"கெணறுன்னு சொன்ன. அப்பா தள்ளினாருன்னு சொன்ன. தூக்கிவிடச் சொல்லிக் கேட்ட. வேற எதுவும் சொல்லல."

"அப்பா கேட்டாரா அதை?"

"கேட்டாரு."

அவள் முகம் கோணியது. "அவரு அப்படிப் பண்ணலக்கா. அவரு ஒண்ணுமே பண்ணல. ஏன் அப்படிச் சொன்னேன்?"

"நீ சொல்லல. மருந்து சொல்லுச்சு."

"அவரு அதை நெசம்னு நெனச்சுக்குவாரே." அழத் தொடங்கினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை விரல்களை எடுத்துவிட அவசரப்படவில்லை. வார்டில் இன்னொரு நோயாளி மணி அடித்தார். போகவில்லை. கடைசியில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பாவை வரச் சொல்றீங்களா?" என்றாள்.

டாக்டரே அரியலூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போன் போட்டு அவரிடம் சொல்லச் சொன்னார். ட்யூட்டிக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு மத்தியானப் பஸ்ஸில் அவர் வந்தார். அறைக்குள் போகத் தயங்கி வாசலில் நின்றார். "உள்ள போங்க. நீங்க எதுவும் கேக்காதீங்க. அவ சொல்றதை மட்டும் கேளுங்க" என்றேன். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, யாரும் அந்தப் பக்கம் வராமல் நடையில் நின்றுகொண்டேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் நான் முயலவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

பிறகு அவள் அம்மாவே என்னிடம் சொன்னார். கையை அடுப்பில் வைத்து அழுத்தியது புருஷன். காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. குழம்பில் உப்பு, ஊருக்குப் போக அனுமதி கேட்டது, இப்படி. அது முதல் தடவையும் இல்லை. வெளியே சொன்னால் தங்கையின் கல்யாணம் நின்றுபோகும், பழி இவள் தலையில் விழும் என்று மாமியார் மிரட்டியிருக்கிறார். சொன்னால் தங்கையின் வாழ்க்கை போகும், சொல்லாவிட்டால் தங்கையும் அதே வீட்டுக்கு வந்து சேருவாள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் அவளுக்கு வாய் அடைத்துப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேச்சுவார்த்தையில் அவள் அப்பா சின்னவளின் கல்யாணத்தை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். பெரியவளை மறுபடி அனுப்பவில்லை. இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் நிறைய வார்த்தைகள் ஓடின. விஷயம் கோர்ட்டுக்குப் போய், வழக்கு இழுத்துக்கொண்டே போனது. காயம் ஆற ஒன்றரை மாதம் பிடித்தது. தோல் சுருங்கி மணிக்கட்டு மடங்கிப்போகாமல் இருக்க, நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாமல் செய்தாள்.

டாக்டரும் நானும் அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினோம். அடுத்த வாரம் ஒருநாள், வெளிநோயாளிகள் போன பிறகு, மருந்து அலமாரியின் சாவியை என் முன்னால் மேஜைமேல் வைத்தார்.

"இது இனிமே உங்ககிட்ட இருக்கட்டும். நான் கேட்டாலும் நீங்க சரின்னு சொன்னாத்தான்."

"நானும் தப்பு பண்ணியிருக்கேன் சார். அன்னிக்குக் கடிகாரத்தைப் பாத்துச் சொல்லல. கோவத்துல வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

"ரெண்டு பேரும் கோவத்துல இருந்தோம். அந்தப் பொண்ணுதான் கட்டில்ல இருந்தா" என்றார்.

அதற்கப்புறம் மயக்கம் தேவைப்பட்ட எல்லாருக்கும், காத்திருக்க முடிகிறதென்றால் காத்திருக்க வைத்து, திருச்சியிலிருந்து மயக்க டாக்டரை வரவழைத்தோம். அவர் புதன்கிழமைதோறும் வரத் தொடங்கினார். மருந்து எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தார். நான் அவரிடம் எல்லாவற்றையும் கேட்டேன். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அவள் சொன்ன கிணறு வெறும் மருந்தின் கனவுதானா என்று கேட்டால், ஆமாம் என்பார். அவள் அப்பா அன்றைக்கு என்னிடம் கேட்ட கேள்வி அதோடு தீர்ந்துவிடுமா என்று எனக்குத் தெரியவில்லை.

நான்கைந்து வருடம் கழித்து, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்காக அரியலூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஒரு நிறுத்தத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், "அக்கா, என்னைத் தெரியுதா?" என்றாள். புடவைத் தலைப்பால் இடது கையை மூடியிருந்தாள். பால்வாடியில் ஆயா வேலை கிடைத்திருந்ததாம். தங்கைக்கு ஜெயங்கொண்டம் பக்கம் இடம் அமைந்து, ஒரு குழந்தையும் இருக்கிறதாம். அப்பாவுக்கு இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ் பாக்கி, சர்க்கரை வியாதி வந்து மாத்திரை சாப்பிடுகிறார் என்றாள். பால்வாடியில் ஒரு பையன் தினமும் தூங்குகிற நேரத்தில் மற்றப் பிள்ளைகளின் காலைக் கயிற்றால் கட்டிவிடுவானாம். அதைச் சொல்லி அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். அரியலூர் வந்து இறங்குகிறவரை நான் அதிகம் பேசவில்லை. அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.